நடுவில் போட்ட வரப்பு

"நீலாக்கா, ஒரு சேதி கேளுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு அஞ்சம்மா."

"உங்க பங்கு வயலு வளருதா?"

நீலாம்பாள் சிரித்தாள். நடவு முடிந்த அலுப்பில் அஞ்சம்மாள் ஏதோ கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தாள். வாய்க்கால் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்த மற்ற பெண்களும் சிரித்தார்கள். அஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. நாத்து முடிக்கட்ட வடக்க பாதி, தெக்க பாதின்னு நான்தானே பிரிச்சுப் போட்டேன்? ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு. நட்டதும் ஒரே கையி. உங்க வடக்குப் பங்குக்கு முடி பத்தல. தெக்க, சின்னவரு பங்குல, நட்டு முடிச்சும் வரப்பு மேல குவிஞ்சு கெடந்துச்சு. அத அள்ளியாந்து உங்க பக்கம் ஊனினோம். கச்சிதமா சரியாப் போச்சு."

"நீங்க அந்தப் பக்கம் கலக்க, தள்ளித் தள்ளி நட்டிருப்பீங்க."

"அதான பார்த்தேன். நட்டவ மேலதான பழி வரும்? போய் நீங்களே சாண் போட்டுப் பாருங்க. பெரியவருகிட்டயும் சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இத தம்பிகிட்ட சொல்லாத'ன்னாரு."

நீலாம்பாளின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"எதுக்காம்?"

"அத நீங்கதான் கேக்கணும். உங்க வீட்டு ஆம்பளைய நானா கேப்பேன்?"

பூதலூரிலிருந்து ரயில்பாதையைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஊர் அது. நீலாம்பாளின் புருஷன் கோவிந்தராசுவுக்கும் அவர் தம்பி இளம்பரிதிக்கும் சேர்த்து அவர்களுடைய அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு வயல். வடக்கே வாய்க்கால், தெற்கே ரோடு, கிழக்கிலும் மேற்கிலும் அடுத்தவர்கள் வரப்பு. இந்தக் கோடையில்தான் அதை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ஊரில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு: பெரியவன் வரப்பு போட வேண்டும், சின்னவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோவிந்தராசு கயிறு பிடித்துக் கிழக்கு வரப்பை அளந்து நடுவில் ஒரு முளை அடித்தார். மேற்கு வரப்பை அளந்து அதன் நடுவில் ஒரு முளை. இரண்டு முளைக்கும் நடுவே குறுக்காக வரப்பு. "எடுத்துக்கடா தம்பி" என்றார். இளம்பரிதி ரோட்டோரத்துத் தெற்குப் பங்கை எடுத்துக்கொண்டான். அறுப்பு மிஷின் நேராக வந்து இறங்கும், லாரி வரும் என்று காரணம் சொன்னான். வாய்க்காலோரத்து வடக்குப் பங்கு அண்ணனுக்கு என்று ஆனது. வருகிற வெள்ளிக்கிழமை பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். எல்லாம் சிரித்த முகத்தோடு நடந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் நீலாம்பாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாத்து நமக்குப் பத்தலையாமே?"

"யாரு சொன்னா?"

"அஞ்சம்மா."

"அவ வாய்க்கு ஒரு மூடி போடணும். நெருக்கி நட்டிருப்பா. வேற என்ன?"

"தம்பிகிட்ட சொல்லாதன்னீங்களாமே?"

கோவிந்தராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய வேண்டியதைவிட அதிக நேரம் பிசைந்தார்.

"நாத்துக் கணக்கையெல்லாம் அவன்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? ஆஸ்பத்திரி லேப்ல நாளெல்லாம் நின்னுட்டு தஞ்சாவூர்லேர்ந்து பஸ்ஸுல நசுங்கி வாரான். அவன்கிட்ட போயி முடி பத்தல, முடி மிஞ்சுச்சுன்னு…"

"சர்வேயரக் கூப்புட்டு அளந்துக்கலாம்னு தம்பி சொன்னப்பவும் நீங்கதான் வேணாம்னீங்க."

"அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு சர்வேயரு? நாலு பேரு சிரிக்கவா?"

"இல்ல, கேட்டேன்."

"கேட்டுட்டல்ல? மோரு இருக்கா?"

நீலாம்பாள் மோரை எடுத்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு மோர் வேண்டும் என்று அவராகக் கேட்டதே இல்லை. பேச்சை மாற்ற மோர் வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

இளம்பரிதி அவளுக்குக் கொழுந்தன் என்பது பேருக்குத்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. மாமியார் இல்லாத வீடு. அவனுடைய பள்ளிக்கூட டிரவுசரிலிருந்து கல்யாணச் சட்டை வரை அவள் மிஷினில்தான் தைத்தாள். இன்றைக்கும் அவன் அண்ணனிடம் சொல்லாததை அண்ணியிடம்தான் சொல்வான். நாளைக்கு அவன் வந்து, "அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு கேள்வியை நினைத்தே அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் தெருக்குழாயடியில் கயல்விழி குடத்தை வைத்துவிட்டு வந்தாள். இளம்பரிதியின் மனைவி. பக்கத்து வீடுதான். மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அக்கா, மாமாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஏன், என்னவாம்?"

"இல்ல, நேத்து நடவாளுங்க போனப்பறம் மத்தியானம் அந்த மண்டை கொதிக்கிற வெயில்ல எங்க வரப்புல உக்காந்து எதையோ தோண்டிக்கிட்டு இருந்தாரு. நான் ரோட்டுலேர்ந்து 'மாமா'ன்னு கூப்புட்டேன். எலி வங்குன்னாரு. எலி வங்கு தோண்டுறவரு கயித்தையும் கோலையும் எதுக்கு எடுத்துட்டுப் போவணும்?"

"கயிறா?"

"கயிறுதான். என்னைப் பாத்ததும் துண்டுக்கு அடியில சுருட்டி வச்சாரு. எனக்கு என்னமோ ஒண்ணும் புரியல. எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டா, 'எங்கண்ணனப் பத்திப் பேசாத'ன்னு ஒரே வார்த்தை. நான் என்ன பேசுனேன்? எலியப் பத்தித்தான பேசுனேன்?"

"எலிதான் இருக்கும். இந்த வருசம் எலி ஜாஸ்தி."

பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள். கயல்விழி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கும்க்கா. எலி ஜாஸ்திதான்" என்றாள். அதை அவள் சொன்ன விதம் நீலாம்பாளுக்குப் பிடிக்கவில்லை.

கோவிந்தராசு உரம் வாங்க பூதலூருக்குக் கிளம்பியதும் நீலாம்பாள் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். கயிறு பரண் மேல் இருந்தது. எப்போதும் ஆணியில் தொங்குகிற கயிறு. கோலுக்கு ஒரு முடிச்சாகப் போட்டிருந்தது. அந்த ஊரில் ஒரு கோல் என்றால் பன்னிரண்டு அடி. ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. கயிற்றைப் புல் சாக்குக்குள் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

நடு வரப்பின் கிழக்குக் கோடியில் புதுச்சேறு அப்பியிருந்தது. முளையைச் சுற்றித் தோண்டி மறுபடி மூடியிருக்கிறார்கள். நகர்த்தி அடித்திருக்கிறாரா? ராத்திரியோடு ராத்திரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தள்ளுகிறாரா? கதை கதையாகக் கேட்டிருக்கிறாள். வரப்பு தள்ளிய அண்ணன் தம்பிகள், கோர்ட்டுக்கு அலைந்தே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தக் கதைகளில் வருகிற பெண்டாட்டிகள் எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவர்கள்.

கயிற்றின் நுனியை ஒரு குச்சியில் கட்டிக் கிழக்கு வரப்பை அளந்தாள். வாய்க்கால் முனையிலிருந்து முளை வரை எட்டுக் கோல். முளையிலிருந்து ரோட்டு முனை வரை எட்டுக் கோல். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தாள். மேற்கு வரப்புக்குப் போனாள். அங்கேயும் எட்டு, எட்டு. ஒரு சாண் கூட நகரவில்லை.

"என்னக்கா, கயிறும் கையுமா?"

ரோட்டில் அஞ்சம்மாள். தலையில் விறகு.

"மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு. தேடுறேன்."

"மாடா? இப்பத்தான உங்க கொட்டாயில படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு? பாத்துட்டுத்தான வர்றேன்."

"அது வேற மாடு."

"சரிக்கா, சரி. பெரியவருக்கு எலியாம், உங்களுக்கு மாடாம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

வீடு வரைக்கும் அந்தப் பேச்சு அவள் பின்னாலேயே வந்தது. அளவு சரியாக இருக்கிறது. அப்படியானால் அவர் எதைத் தோண்டினார்? ஏன் ஒளித்தார்? வரப்பில் தப்பில்லை என்றால் நாற்று ஏன் ஒரு பக்கம் மிஞ்சுகிறது? அஞ்சம்மாளே கதை கட்டுகிறாளா? அவளுக்கு என்ன லாபம்? ஒருவரைச் சந்தேகத்திலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை மதியம் கயல்விழி ஒரு பழைய உள்பாவாடையைக் கொண்டுவந்தாள். ஆறு துண்டு வைத்துத் தைத்தது. மூன்று துண்டு கிழிந்து போயிருந்தது. மற்றவை நன்றாக இருந்தன.

"அக்கா, இதுல ஒரு துண்டு எடுத்து எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுப் பை தச்சுக் குடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாட்டி உங்க கொழுந்தன் பெருச எடுத்துக்கிட்டு எனக்குச் சின்னதத் தள்ளிருவாரு."

"வச்சுட்டுப் போ. அப்பறம் தைக்கிறேன்."

"ஒரு வெட்டுத்தானக்கா. நடுவுல வெட்டுங்க, நான் ஓரம் மடிச்சுத் தரேன். நாளைக்குப் பத்திர ஆபீசுக்கே அதுலதான் தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போவணும்."

பத்திர ஆபீஸ் என்றதும் நீலாம்பாளின் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பிரித்த துண்டை விரித்தாள். இடுப்புப் பக்கம் குறுகலும் அடிப்பக்கம் அகலமுமான துண்டு. பக்கவாட்டில் ஒரு ஓரத்தில் டேப் வைத்து நடுவைக் குறித்தாள். மறு ஓரத்தில் நடுவைக் குறித்தாள். இரண்டு குறிக்கும் நடுவே கத்தரியை விட்டாள். முப்பது வருஷமாகத் தைக்கிறவள் அப்படி வெட்டியிருக்கவே மாட்டாள். மனசு துணியில் இருந்தால்தானே?

கயல்விழி இரண்டு துண்டையும் கையில் எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா இது? பாதின்னு சொல்லிட்டு ஒண்ணு பெருசா இருக்கு?"

நீலாம்பாள் இரண்டையும் அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா? ரெண்டு ஓரத்துலயும் நடுவுலதான குறிச்சீங்க? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

"நடுவுலதான் குறிச்சேன்" என்றாள் நீலாம்பாள் மெதுவாக. "ஓரம்தான் பாதி ஆச்சு. துணி பாதி ஆவல."

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ. நான் வேற துண்டுல வெட்டித் தரேன்."

"முகம் ஏன் இப்படி வேர்க்குது?"

"கரண்டு இல்லல்ல, அதான்."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கயல்விழி அதை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து போனாள்.

கோவிந்தராசு வந்ததும் நீலாம்பாள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மிஷின் பலகை மேல் இரண்டு துண்டையும் போட்டாள்.

"இது என்ன?"

"உங்க வயலு. அகலமா இருக்கே, இது வாய்க்கா. குறுகலா இருக்கே, இது ரோடு. இது நீங்க போட்ட வரப்பு. கிழக்கயும் நடு, மேக்கயும் நடு. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். திருப்பி வைத்தார். அவர் கை துணியிலேயே நின்றது.

"வயலு இப்புடியா இருக்கு?"

"வாய்க்காக் கரை எவ்வளவு அகலம்?"

"தெரியாது. அங்க ஒரே நாணல். பாம்பு கெடக்கும். அளக்கல."

"ரோட்டோரம்?"

"அதையும் அளக்கல. ரெண்டு வரப்புதான நடக்க முடியிது, அத அளந்தேன். எங்கப்பா அப்புடித்தான் அளப்பாரு. வரப்பு பாதின்னா வயலும் பாதிதான?"

"இதச் சொல்லுங்க. தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

கோவிந்தராசு நிமிர்ந்தார். அந்தக் கேள்வி அவரைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"நீயா கேக்குற இத?"

"நான்தான் கேக்குறேன். அஞ்சம்மா வாயக் கட்டுனீங்க. முளையத் தோண்டுனீங்க. கயித்த ஒளிச்சீங்க. சர்வேயர் வேணாம்னீங்க."

"கயிறு ஈரமா இருந்துச்சு. அப்பவே நெனச்சேன். நீதான் எடுத்துட்டுப் போயி என் வரப்ப அளந்துருக்க."

"ஆமா, அளந்தேன்."

"சரியா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்பறம் என்னைய ஏன் கேக்குற?" நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "நடவன்னைக்கு அஞ்சம்மா சொன்னதும் எனக்குக் கை காலு ஓடல நீலா. எவனோ முளையப் புடுங்கி நட்டுட்டான்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தா முளை அங்கயேதான் இருக்கு. திரும்பத் திரும்ப அளந்தேன். எட்டு எட்டுன்னே வருது. ஆனா நாத்து பொய் சொல்லாதுல்ல? எங்க தப்புன்னே தெரியாம அவன்கிட்ட போயி என்னன்னு சொல்றது?"

நீலாம்பாள் இன்னும் இரண்டு முழுத் துண்டுகளைப் பிரித்தெடுத்தாள். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பாவாடைக்குத் துணி வீணாகாமல் வெட்ட அவள் எப்போதும் அப்படித்தான் அடுக்குவாள். இரண்டும் சேர்ந்து மேலேயும் கீழேயும் ஒரே அகலமாக, கொஞ்சம் சாய்ந்த ஒரு பட்டையாக ஆனது.

"பாருங்க. குறுகலும் அகலமும் சேந்து ஒரே அகலமாயிருச்சு. அத உசரத்தால பெருக்கிப் பாதி பண்ணுனா ஒரு துண்டோட கணக்கு வந்துரும். நாணல வெட்டிட்டு வாய்க்காக் கரையையும் ரோட்டோரத்தையும் அளந்தா வயலுக்கும் இதே கணக்குத்தான்."

கோவிந்தராசு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்திரம்" என்றார்.

"ஆமா."

"அவனாத்தான தெக்க எடுத்தான்? நான் ஒண்ணும் தள்ளி விடலையே?"

நீலாம்பாள் அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

"இப்ப போயி சொன்னா, வேணும்னே செஞ்சேன்னு ஆயிரும் நீலா. கயலு ஊரு பூரா சொல்லுவா."

"நேத்து வரைக்கும் தெரியாம நடந்தது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டா அது தெரிஞ்சு நடந்தது. பரிதி என்கிட்ட கேப்பான். எனக்கு அவன் முகத்தப் பாத்துப் பொய் சொல்ல வராது."

"கயலுகிட்ட எலின்னு சொன்னியாமே? வந்துச்சே?"

அவள் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள். கோவிந்தராசு எழுந்து, ஆணியில் தொங்கிய அரிவாளை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"நாணல் வெட்ட. பொழுது இருக்கறப்பவே அவன வரச் சொல்லு."

இளம்பரிதி அரை நாள் லீவு போட்டு வீட்டில்தான் இருந்தான். கயல்விழியும் கூடவே வந்துவிட்டாள். வயலுக்குப் போகிற வழியெல்லாம் நீலாம்பாள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டு நடந்தான். கயல்விழிதான் பேசினாள்.

"அப்ப இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"வரப்ப மாத்திப் போடணும். குறுக்க வேணாம், நீளவாட்டுல. வாய்க்காக் கரையில நடு, ரோட்டோரத்துல நடு. ஆளுக்குக் கிழக்குப் பாதி, மேக்குப் பாதி."

"அப்ப ரோடு உங்களுக்கும் பாதி வந்துரும்."

"வாய்க்கா உங்களுக்கும் பாதி வருதே. உங்க தண்ணிக்கு எங்க வயல நம்பி இருக்க வேணாம்."

"இத்தன நல்லதா இருந்தா மொதல்லயே ஏன் செய்யல? நாளைக்குப் பத்திரம்னா இன்னைக்கு வந்து மாத்தணும்ங்கிறீங்க? ரோட்டோரமா ஏதாச்சும் வருதா? பெட்ரோல் பங்க் கிங்க் வருதுன்னு மாமா காதுல விழுந்துச்சா?"

"கயலு" என்றான் இளம்பரிதி.

"நீங்க சும்மா இருங்க. எலிங்கிறாரு மாமா. கரண்டு இல்லங்கிறாங்க அக்கா, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. நான் எத நம்புறது?"

நீலாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம் என்று பட்டது.

"எதையும் நம்ப வேணாம். கயித்தப் புடி" என்றாள்.

கோவிந்தராசு நாணலை வெட்டி ஒதுக்கியிருந்தார். கையெல்லாம் கீறல். தம்பியைப் பார்த்ததும் அரிவாளை வரப்பில் குத்தி வைத்தார். கயல்விழி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை நீலாம்பாள் பிடித்தாள். கயிறு தொய்யும்போதெல்லாம், "இழுத்துப் புடிங்கக்கா, இழுத்துப் புடிங்க" என்று கயல்விழி கத்தினாள். வாய்க்கால் கரை பதினெட்டுக் கோல். ரோட்டோரம் பதினாலு. நடு வரப்பு பதினாறு.

"ஏங்க, ஃபோனக் குடுங்க" என்றாள் கயல்விழி. பாவாடைத் துண்டைத் தலைகீழாக வைக்கிற விஷயத்தை நீலாம்பாளிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு தானே தட்டினாள். "வடக்க பதினெட்டும் பதினாறும் முப்பத்திநாலு, பாதி பதினேழு, எட்டால பெருக்குனா நூத்தி முப்பத்தாறு குழி. தெக்க பதினாறும் பதினாலும் முப்பது, பாதி பதினஞ்சு, எட்டால… நூத்தி இருவது."

நிமிர்ந்தாள்.

"பதினாறு குழி வித்தியாசம்! அதுல பாதி, எட்டுக் குழி நாத்துதான் அஞ்சம்மா குவிச்சு வச்சது!"

அவள் ஃபோனை இளம்பரிதியிடம் நீட்டினாள். அவன் கணக்கைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே" என்றான் இளம்பரிதி. வந்ததிலிருந்து அண்ணனிடம் அவன் பேசுகிற முதல் வார்த்தை. "உனக்கு எப்பத் தெரியும்?"

"நடவன்னைக்கே ஏதோ இடிச்சுச்சு. என்னன்னு தெரிஞ்சது இன்னைக்குத்தான். உங்க அண்ணிதான் கண்டுபுடிச்சா."

"நடவன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

கோவிந்தராசு காலால் ஒரு மண்கட்டியை உடைத்தார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நான் என்ன நெனச்சுருவேன்னு நெனச்ச?"

"உங்க அண்ணி நெனச்சதத்தான்."

இளம்பரிதி திரும்பி நீலாம்பாளைப் பார்த்தான். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு முடிச்சாக, தலையைத் தூக்காமல். "ஆமா தம்பி, உங்க அண்ணன சந்தேகப்பட்டேன்" என்றாள். "உங்களுக்கு முந்தி நான்தான் பட்டேன்."

இளம்பரிதி அண்ணன் கையிலிருந்த கீறலைப் பார்த்தான். வாய்க்காலில் இறங்கித் துண்டை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

"பத்திரம் எழுதறவருக்கு ஃபோன் போடு" என்றார் கோவிந்தராசு. "வடக்கு, தெக்குன்னு இருக்கறத மேக்கு, கிழக்குன்னு மாத்தச் சொல்லு. வரப்ப அறுப்புக்கு அப்பறம் மாத்திக்கலாம். இப்பத்தான் பயிரு பச்சை புடிக்குது."

"அப்ப இந்தக் குறுவைக்கு?" என்றாள் கயல்விழி.

"ஒரே களத்துல கொட்டி ரெண்டா அளந்துக்கலாம்."

"யாரு அளக்குறது?"

"நீயே அள."

கயல்விழி கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. நீலாம்பாள் சுருட்டிய கயிற்றை மறுபடி பிரித்தாள். வாய்க்கால் கரையில் ஒன்பது கோலில் ஒரு முளை, ரோட்டோரத்தில் ஏழு கோலில் ஒரு முளை. கோவிந்தராசு அடிக்க இளம்பரிதி பிடித்துக்கொண்டான். பயிருக்கு மேலே கயிற்றை நேராக இழுத்துக் கட்டினார்கள். எல்லோரும் ரோட்டில் ஏறி நின்று பார்த்தார்கள்.

"பெரியவன் போட்டாச்சு" என்றார் கோவிந்தராசு. "சின்னவன் எடுத்துக்க."

"கயலு எடுக்கட்டும்" என்றான் இளம்பரிதி.

கயல்விழி கிழக்கே பார்த்தாள். மேற்கே பார்த்தாள். மறுபடி கிழக்கே பார்த்தாள்.

"எதுக்கா பெருசு?"

"ரெண்டும் நூத்தி இருபத்தெட்டுக் குழி. மேல ஒன்பது, கீழ ஏழு. நீயே போட்டுப் பாரு."

ஃபோனில் போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை போட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னா அப்பறம் எதுக்கு என்னைய மொதல்ல எடுக்கச் சொல்றீங்க?"

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். இளம்பரிதியும் சிரித்தான். கோவிந்தராசு சிரிக்கவில்லை. அவர் நீலாம்பாள் கையிலிருந்த மிச்சக் கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை அவள் பார்க்கிற மாதிரி, பழைய ஆணியிலேயே மாட்டினார். ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்காமலேயே அவள் மோர் ஊற்றப் போனாள். வேண்டாம் என்று கையால் மறைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.